பையில என்ன கத்தி வெச்சிருக்கறீங்க?

ஜனங்களைக் காலையில் மலைக்குக் கூட்டிப் போய், பொழுது சாய்வதற்குள் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற பிழைப்பில், வண்டி கிளம்பும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை அவரவர் பையைப் பிரித்துப் பார்ப்பது. சோறு, தண்ணீர், துண்டு எல்லாம் ஓரளவு சரியாகத்தான் இருக்கும். கத்தி மட்டும் யாருக்கும் சரியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒன்று, எலுமிச்சம்பழத்தை வெட்டாமல் நசுக்குகிற மொண்ணைக் கத்தியாக இருக்கும். இல்லாவிட்டால் கிடா வெட்டுக்குக் கிளம்பியது மாதிரி ஒன்றைச் சுருட்டி வைத்திருப்பார்கள்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூர் காந்திபுரத்தில், ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு மேல் மாடியில் இருந்த டிராவல்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தேன். வார நாட்களில் ஊட்டிக்கும் குருவாயூருக்கும் வேன் அனுப்புவோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் 'ஒருநாள் மலைநடை'. பேங்க்காரர்கள், மில் ஆபீசர்கள், பம்பு கம்பெனி ஆட்கள், டீச்சர்கள் என்று வருவார்கள். முன்னால் நான் நடப்பேன், கடைசி ஆளாக டிரைவர் ஆறுச்சாமி வருவார். மில் பூட்டியதால் ஸ்டியரிங் பிடிக்க வந்தவர் அவர். எந்த நடைக்கு எந்தக் கத்தி, அது யார் கையில் இருக்க வேண்டும் என்று பார்ப்பது என் பொறுப்பு. இதே மாதிரி ஊர் ஆட்களை மேய்த்துப் பிழைத்தவர்கள் இதைப் படித்தால் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இப்படிப்பட்டவர்கள் வாய்த்திருப்பார்கள்.

யானைக்கு ஒன்று

பாலமலைக்குப் போகிற ஒரு காலையில் காலேஜ் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருவன் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய வீச்சரிவாள் ஒன்று வந்தது. புதுப் பிடி. இது எதற்கு என்றேன். "யானை வந்தா?" என்றான். முட்செடியை ஒதுக்க ஒரு கொடுவாள் எங்களிடம் இருக்கிறது, உனக்குப் பழம் நறுக்க ஒரு பேனாக்கத்தி போதும், யானை வந்தால் வந்த வழியே சத்தமில்லாமல் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மனுஷன் கையில் ஒன்றுமில்லாமல் எப்படிக் காட்டுக்குள் போவது என்று வாதாடினான்.

ஆறுச்சாமி வந்து அரிவாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மரியாதையாக அவனிடமே நீட்டிவிட்டுச் சொன்னார்: "யானைகிட்ட இதைக் காட்டுனீங்கன்னா, வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துருமுங்க. உங்களைத்தான் குடுக்காது."

பட்டன் கத்தி

வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் ஆபீசர் ஒருவர் மனைவியோடு வந்தார். மேட்டுப்பாளையம் தாண்டி, குஞ்சப்பனைப் பக்கம் நடை. அவர் வைத்திருந்தது பிடியில் உள்ள பட்டனை அமுக்கினால் 'டக்' என்று வெளியே பாய்கிற கத்தி. வேனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் நாலைந்து தடவை அமுக்கிக் காட்டினார். மடக்குக் கத்தி என்றால் திறந்ததும் பூட்டிக்கொள்ள வேண்டும், மூடினால் மூடியபடியே இருக்க வேண்டும், இது இரண்டையும் செய்யாது, பையின் அடியில் போடுங்கள் என்றேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பாசி பிடித்த ஒரு பாறையில் கால் வழுக்கி உட்கார்ந்தார். அவ்வளவுதான். விழுந்ததற்கு எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. பாக்கெட்டுக்குள் பட்டன் அமுங்கி, கத்தி தொடைக்குள் இறங்கியிருந்தது. பேண்ட் கறுப்பாக நனைந்துகொண்டே போனது. கத்தியைப் பிடுங்க வேண்டாம் என்று நான் கத்துவதற்குள் அவரே பிடுங்கிவிட்டார். பிறகு நிற்காத ரத்தம். துண்டை வைத்து இறுக்கிக் கட்டி, கம்பளியில் போட்டு மாற்றி மாற்றித் தூக்கி மேட்டுப்பாளையம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். அந்தக் காலை மட்டும் கடைசிவரை இழுத்துத்தான் நடந்தார் என்று பின்னால் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அம்மா அழவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் நான் நிற்பது தெரிந்ததும் தனக்குத்தானே பேசுவது மாதிரி சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு வரைக்கும் கத்தியெடுத்து ஒரு தக்காளி நறுக்கினதில்லைங்க."

தகரப் பெட்டி

இது நடந்ததும் எங்கள் முதலாளி ஒரு உத்தரவு போட்டார். இனி எந்தப் பயணியிடமும் கத்தி இருக்கக் கூடாது. ஆறுச்சாமியிடமும் கூடாது. எல்லாவற்றையும் வாங்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி என் பையில் வைக்க வேண்டும். கடைசியில் வருகிற ஆளிடமாவது ஒன்று இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். போலீஸ், கேஸ் என்று அலைவது யார் என்று கேட்டார். அவர் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

கல்லாறுக்கு மேலே ஒரு ஓடை. அன்றைக்கு வந்தவர்கள் ஒரு பம்பு கம்பெனியின் ஆபீஸ் ஆட்கள். போகும்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். திரும்பும்போது மேலே மலையில் எங்கேயோ மழை. எங்கள் தலையில் ஒரு தூறல் விழவில்லை. நானும் மற்றவர்களும் இந்தக் கரைக்கு வந்துவிட்டோம். தனபால் என்ற கணக்குப்பிள்ளையும் அவருக்குப் பின்னால் ஆறுச்சாமியும் நடு ஓடையில் இருந்தார்கள். தண்ணீர் முதலில் நிறம் மாறியது. அப்புறம்தான் சத்தம் கேட்டது. தனபால் கால் இடறி விழுந்தார். விழுந்தவரை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தால்கூடக் கீழே ஒரு வளைவில் பிடித்திருக்கலாம். முதுகுப் பையின் நைலான் பட்டை ஒரு வேரில் மாட்டிக்கொண்டது. இடுப்பில் கொக்கி போட்ட பை. இழுவையில் கொக்கி கழலவில்லை. ஆறுச்சாமி ஒரு கையால் வேரையும் இன்னொரு கையால் தனபாலின் தலையையும் பிடித்துக்கொண்டு, "கத்தி! கத்தி!" என்று கத்தினார்.

பூட்டைத் திறந்து, இருந்ததில் பெரியதை எடுத்து எறிந்தேன். பாறையில் பட்டுத் தண்ணீருக்குள் போனது. அடுத்ததையும் எறிந்தேன். அதுவும் எட்டவில்லை. இறங்கப் போன என்னை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆறுச்சாமி பட்டையைப் பல்லால் கடித்தார். தண்ணீர் தனபாலின் வாய்க்கு வந்து, மூக்குக்கு வந்து, மேலே போனது. வெள்ளம் வடிந்த பிறகுதான் அவரை எடுக்க முடிந்தது. ஆறுச்சாமியின் முன்பல் உடைந்திருந்தது. பட்டை பாதி அறுந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு தனபாலின் அண்ணன் வந்தார். நடந்ததை நான் முழுசாகச் சொல்ல, அவர் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. கைகூப்புவது மாதிரி வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏனுங்க, அத்தனை பேரு இருந்தீங்களே, தண்ணிக்குள்ள இருந்த ஒருத்தர்கிட்டயுமா ஒரு கத்தி இல்ல?"

மச்சான் செய்த வைத்தியம்

அதன் பிறகு தகரப் பெட்டி போய்விட்டது. கத்தி தேர்ந்தெடுப்பதை அப்போதுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். டவுன்ஹால் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கி, மடக்காத சின்னக் கத்திகளாக வாங்கினேன். வாங்கும் முன் சோப்புத் தண்ணீரில் கையை நனைத்து, கண்ணை மூடி, ஒற்றைக் கையால் உறையிலிருந்து உருவிப் பார்ப்பேன். நைலான் பட்டையை ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கும் ஆறுச்சாமிக்கும் அது நெஞ்சில், உறையோடு. கேட்கிற பயணிகளுக்குச் சின்னதாக ஒரு மடக்குக் கத்தி. ஆனால் பையில் ஒளித்து வைத்திருக்கிற பிளேடுக்கு நான் என்ன செய்வேன்?

காங்கேயம் பக்கம் ஊதியூர் மலை. நடராஜ், பழனிசாமி என்று இரண்டு பேர் வந்தார்கள். நடராஜின் தங்கையைத்தான் பழனிசாமி கட்டியிருந்தார். வேனில் ஒருவருக்கு ஒருவர் ஊட்டிவிடாத குறையாக வந்தார்கள். புல்லுக்குள் ஏதோ ஒன்று பழனிசாமியின் குதிகாலுக்கு மேலே கடித்துவிட்டு ஓடியது. நான் முன்னாலிருந்து ஓடி வருவதற்குள் நடராஜ் ஒரு ரப்பர் குழாயால் காலைக் கட்டி, சவரப் பிளேடால் கடிவாயை ஆழமாகக் கீறிவிட்டிருந்தார். விஷத்தை வெளியேற்ற அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எங்கேயோ படித்தாராம். அழுதுகொண்டே கீறியிருக்கிறார். பழனிசாமி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு "பரவாயில்ல மச்சான், பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கடியைப் பார்த்தார். விஷமில்லாத பாம்பு, மஞ்சள் வைத்தால்கூட ஆறியிருக்கும் என்றார். அப்புறம் வெட்டைப் பார்த்தார். குதிகால் நரம்பு துண்டாகியிருந்தது. கோயமுத்தூர் கொண்டுவந்து ஆபரேஷன் செய்தும் பாதத்தை ஊன்றி நடக்க வரவில்லை. கொஞ்ச காலம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது பழனிசாமி கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து கதவு திறந்தார். தினமும் காலையில் நடராஜ்தான் வந்து டி.வி.எஸ். வண்டியில் உட்கார வைத்து மில்லுக்குக் கூட்டிப்போகிறார் என்றார். நான் கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பாம்பு கடிச்சதை நான் எப்பவோ மறந்துபோட்டேனுங்க. மச்சான் தெனமும் வந்து மொதல்ல என்ற காலைப் பார்க்கறாரு பாருங்க, அதைத்தான் தாங்க முடியலீங்க."

கறிக்கடைக்காரர்

மாங்கரைப் பக்கம் ஒரு நடை. கூட்டத்தில் ரங்கசாமி என்ற கறிக்கடைக்காரர் இருந்தார். எல்லோரும் கத்தி வேண்டும் என்று கேட்பார்கள். இவர் மட்டும் கொடுத்ததை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தார். தொழிலைப் பற்றி வேனில் யாரோ கேட்டதற்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளிமான். பெட்டை. பன்றிக்கு யாரோ வைத்த கம்பிச் சுருக்கில் பின்னங்கால் மாட்டியிருந்தது. துள்ளித் துள்ளிக் கம்பி எலும்புவரை போயிருந்தது. என் கத்தியை வைத்து அறுத்துப் பார்த்தேன். எஃகுக் கம்பி, கத்தியின் வாய்தான் மடங்கியது. நைலானையும் துணியையும் கயிற்றையும் நினைத்து வாங்கிய கத்தி. கம்பியை நினைக்கவே இல்லை. வேனில் கட்டிங் பிளேயர் இருந்தது. ஆறுச்சாமி அதை எடுக்கக் கீழே ஓடினார்.

மான் கத்துகிற சத்தம் குழந்தை கத்துவது மாதிரி இருந்தது. கூட்டத்தில் சில பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இப்படி அவஸ்தைப்படுவதற்கு முடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் ஆமாம் என்றார். பிறகு எல்லோருடைய கண்ணும் ஒரே சமயத்தில் ரங்கசாமியிடம் போனது. என் கையிலிருந்த கத்தியை வாங்கி ஒருவர் அவரிடம் நீட்டக்கூடச் செய்தார். ரங்கசாமி அதை வாங்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து மானின் கண்ணை மூடினார். தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கத்தல் மெல்ல அடங்கியது. அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆறுச்சாமி மூச்சிரைக்க பிளேயரோடு வந்தபோது துண்டுக்கு அடியில் அசைவு இல்லை.

இறங்கி வரும்போது யாரும் அவரோடு பேசவில்லை. அவராகத்தான் என் பக்கத்தில் வந்து சொன்னார்: "கறிக்கடை வெச்சிருக்கறேனுங்க, இல்லைங்கல. ஒரு நா அதில்லாம இருக்கோணும்னுதானுங்க உங்ககூட வந்தேன்."

கத்தரிக்கோல்

ஜாபர் டெய்லர் எங்கள் பழைய வாடிக்கை. நான் பார்த்ததிலேயே சரியான ஆயுதம் கொண்டுவந்தவர் அவர்தான் என்பேன். நூல் வெட்டுகிற ஒரு சின்னக் கத்தரிக்கோல், முனைக்கு ஒரு தோல் உறை. பிளாஸ்திரி வெட்ட, முள்ளில் சிக்கிய துப்பட்டாவை எடுக்க, ஷூ கடித்த காலுக்குத் துணி கிழிக்க, எல்லாவற்றுக்கும் "ஜாபர் பாய், அந்தக் கத்தரியைக் குடுங்க" என்றுதான் கேட்போம்.

கோயமுத்தூரில் கலவரமும் குண்டுவெடிப்பும் நடந்து, ஊரே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த சமயம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தினார்கள். பைகளைப் பிரித்தார்கள். என் நெஞ்சில் தொங்கிய கத்தியைப் பார்த்து, கைடா என்று கேட்டு விட்டுவிட்டார்கள். ஒரு வக்கீலின் பையில் என்னுடையதைவிட நீளமான கத்தி இருந்தது. எங்கே வாங்கினீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஜாபர் பாயின் கத்தரியை எடுத்தபோது பேரைக் கேட்டார்கள். பேரைச் சொன்னதும் கீழே இறங்கச் சொன்னார்கள்.

தையல்காரர், தெரிந்தவர், பல வருஷமாக வருகிறவர் என்று நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே, பெரிய அதிகாரி வரட்டும் என்று அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். வெயில் ஏறியது. வேனுக்குள் இருந்தவர்களில் சிலர், அவர் இங்கேயே இருக்கட்டும், நாம் போய்விட்டு வரலாமே என்றார்கள். வக்கீல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி மட்டும் போய் அந்தப் பெஞ்சில் ஜாபர் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வேன் சாவி அவர் பாக்கெட்டில் இருந்ததால் யாரும் எங்கும் போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் அதிகாரி வந்து, போகச் சொன்னார். மலைக்குப் போகாமலே திரும்பினோம்.

அதற்குப் பிறகு ஜாபர் பாய் வரவில்லை. கடைக்குப் போய்க் கூப்பிட்டேன். மிஷினை நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டு விஷயமெல்லாம் பேசினோம். எழுந்தபோதுதான் சொன்னார்: "கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அன்னைக்கு உங்ககிட்ட இருந்ததெல்லாம் கத்தி. என்கிட்ட இருந்தது மட்டும் ஆயுதமாப் போச்சுங்க."

சாணைக்குப் போன கத்தி

இந்திராணி டீச்சர் தனியாகத்தான் வருவார். எந்த மலை என்றுகூடக் கேட்க மாட்டார். அவருக்கு ஒரு கத்தி நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன். மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி, திறந்தால் பூட்டிக்கொள்ளும். கொய்யாவை எல்லோருக்கும் ஒரே மாதிரி துண்டு போட்டுக் கொடுப்பார். ஆனால் சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது கத்தியைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிடுவார். ஆபீஸிலேயே இருக்கட்டும் என்பார். என் மேஜை டிராயரில் போட்டு வைப்பேன். ஒருதரம் ஏன் என்று கேட்டதற்கு, "ஊட்டுல இருந்தா எப்ப யார் கைக்குப் போகும்னு தெரியாதுங்க" என்றார். கழுத்தில் சிலசமயம் அவர் சுற்றியிருக்கிற துணி வீட்டுக்காரரின் விரல் தடத்தை மறைக்கத்தான் என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு வார நாள், உச்சி வெயில் நேரத்தில் டீச்சர் ஆபீஸ் மாடிக்கு ஏறி வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. கையில் பை இல்லை, காலில் செருப்பில்லை. உட்காரவில்லை. "என்ற கத்தியைக் குடுங்க" என்றார். குரல் வகுப்பில் பாடம் நடத்துகிற குரல் மாதிரி தெளிவாக இருந்தது. ஆறுச்சாமிதான் ஸ்டூலிலிருந்து எழுந்து, "அது சாணைக்குப் போயிருக்குதுங்க டீச்சர். சாயங்காலந்தான் வரும். சித்தெ உக்காருங்க" என்றார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

கீழே பூத்திலிருந்து காங்கேயத்தில் இருந்த அவர் தம்பிக்கு போன் போட்டோம். அவர் வருகிறவரை டீச்சர் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. கத்தியைப் பற்றி மறுபடி கேட்கவும் இல்லை. தம்பி வந்து தன் செருப்பைக் கழற்றி அக்கா காலடியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு படி இறங்கினார்.

பல மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். காங்கேயம் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். கத்தியை எடுத்துக் கொடுத்தேன். மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து கொய்யா நறுக்கினார். முதல் துண்டை ஆறுச்சாமியிடம் நீட்டியபடி சொன்னார்: "அன்னைக்கு டிராயர் தெறந்துதானுங்க கெடந்துச்சு. கத்தியை நானும் பார்த்தேன்."

இப்போதும் யாராவது வந்து, மலைக்குப் போகிறோம், என்ன கத்தி எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், கத்தி எதுவானாலும் பரவாயில்லை, கூட வருவது யார் என்பதை மட்டும் கொஞ்சம் சாணை பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.